இரவில் போட்டுக் காலையில் கழற்றும் லென்ஸ்: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சித்தியின் பிள்ளை இரவில் ஏதோ லென்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறதாம், பகலில் கண்ணாடியே இல்லாமல் திரிகிறதாம் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்த பிறகுதான் பல வீடுகளில் இந்தக் கதை தொடங்குகிறது. கண் பரிசோதிப்பது என் தொழில். அம்மாமாரும் அப்பாமாரும் என்னிடம் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல சிகிச்சை. ஆனால் லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் பார்க்கக்கூடிய வீட்டில், கண் சிவந்த அன்றே காட்டுவதற்கு ஒரு வைத்தியர் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே நல்லது.

இரவில லென்ஸ் போட்டுட்டுப் படுத்தா, பகலில எப்பிடிக் கண் தெரியும்?

கிட்டப்பார்வை என்றால் தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது என்று பொருள். பள்ளிப் புத்தகங்களில் இதைக் குறும்பார்வை என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவதுதான் காரணம். கண்ணின் முன்பக்கத்தில், கருவிழிக்கு மேலே, கண்ணாடி போல இருக்கும் படலத்தை விழிவெண்படலம் என்கிறோம். அதன் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால் ஒளி இன்னும் சற்றுப் பின்னுக்குப் போய்க் குவியும். விம்பம் விழித்திரைக்கு வந்துவிடும்.

ஓர்தோ-கே எனப்படும் லென்ஸ் செய்வது அதைத்தான். இது கடினமான, ஆனால் ஒட்சிசனை நன்றாக ஊடுபுக விடும் பிளாஸ்டிக்கால் ஆனது. உட்பக்கத்தில் நடுப்பகுதி தட்டையாகவும், அதைச் சுற்றியுள்ள வளையம் அதைவிடக் கூடுதலாக வளைந்தும் இருக்கும். பிள்ளை தூங்கும்போது லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய கண்ணீர்ப் படை நடுவில் அமுக்கத்தையும் வளையத்தின் கீழ் இழுவையையும் உண்டாக்குகிறது. படலத்தின் மேல்தோல் நடுவில் மெலிந்து, ஓரத்தில் தடிக்கிறது. காலையில் லென்ஸைக் கழற்றினாலும் அந்த வடிவம் பகல் முழுவதும் நிற்கும்.

கண்ணை அமத்தி உருவத்தை மாத்திறது ஆபத்தில்லையோ? பிறகு பழையபடி வருமோ?

மாற்றத்தின் அளவைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். விழிவெண்படலத்தின் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதன் மேல்தோல் 50 மைக்ரோன் அளவு (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரம் மைக்ரோன்). மெலிவது அந்த மேல்தோலில் 20 மைக்ரோன் வரைதான். ஒரு தலைமுடியின் தடிப்பே அதைவிடக் கூட. லேசர் சிகிச்சையைப் போல எதுவும் வெட்டி எடுக்கப்படுவதில்லை. பாயில் படுத்தெழும்பினால் கன்னத்தில் விழுந்த கோடு கொஞ்ச நேரத்தில் மறைவதைப் போல, லென்ஸை நிறுத்தினால் இதுவும் மறையும். பவரின் பெரும்பகுதி சில நாட்களில் திரும்பிவிடும். முழுவதும் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று கிழமை ஆகலாம், பல வருடம் போட்டவர்களுக்கு இன்னும் கூட எடுக்கலாம்.

ஆகவே வடிவம் மாறுவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து கிருமியில் இருக்கிறது. அதைத்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன்.

இது புதுசா வந்த விஷயமோ?

இல்லை. 1962 இல் அமெரிக்காவின் சிக்காகோவில் ஜோர்ஜ் ஜெசன் என்பவர் கடின லென்ஸால் கண்ணைத் தட்டையாக்கும் முறையை முன்வைத்தார். அந்தக் காலத்து லென்ஸ்கள் பகலில் போடுபவை. பலன் மெதுவாகவும் நிச்சயமில்லாமலும் வந்தது. மேலே சொன்ன வளைய அமைப்பு 1980களின் இறுதியில் வந்த பிறகுதான் விரைவாகப் பலன் கிடைத்தது. இரவில் போட்டுத் தூங்குவதற்கான லென்ஸுக்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2002 இல் அனுமதி கொடுத்தது.

எவ்வளவு பவர் வரைக்கும் சரிவரும்?

அந்த 2002 அனுமதி மைனஸ் 6 வரையான கிட்டப்பார்வைக்கும், அதோடு 1.75 வரையான சிலிண்டர் பவருக்கும் (படலத்தின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைத் திருத்தும் பவர்) வழங்கப்பட்டது. நடைமுறையில் மைனஸ் 1 முதல் 4 வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் பார்வை மிகத் தெளிவாக வரும். பவர் கூடக் கூட நடுவில் திருத்தப்படும் வட்டம் சிறுத்து, இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது கூடும். மைனஸ் 8 உள்ள பிள்ளையைக் கூட்டிவந்து, கண்ணாடியை முற்றாகத் தூக்கிப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதல் நாளே தெரியுமோ?

முதல் இரவிலேயே கணிசமான மாற்றம் தெரியும். அடுத்த நாள் காலையில் சுவரில் உள்ள கலண்டரை வாசித்துவிட்டுத் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அன்று பின்னேரமே பார்வை மங்கத் தொடங்கும். நாள் முழுவதும் நிலைத்து நிற்க ஒன்று முதல் இரண்டு கிழமை வேண்டும். அந்த இடைவெளியில் பழைய கண்ணாடி பொருந்தாது; ஒரு நாள் பாவித்து எறியும் குறைந்த பவர் மென்லென்ஸ் சில பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கோ சாதாரண தரப் பரீட்சைக்கோ ஒரு மாதம் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். பரீட்சை முடிந்து வரும் விடுமுறையில் தொடங்குங்கள்.

என்ர மகள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிக்கிறவள். அவளுக்குச் சரிவருமோ?

இதை எந்த விளம்பரத்திலும் எழுதமாட்டார்கள், ஆனால் நம்முடைய ஊரில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். லென்ஸ் கண்ணுக்குள் இருக்க, கண் மூடியபடி குறைந்தது ஆறு மணித்தியாலம், நல்லது என்றால் ஏழெட்டு மணித்தியாலம் தூங்கவேண்டும். இரவு பதினொன்றரை வரை ரியூசன் கொப்பியோடு இருந்து, நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்பும் பிள்ளைக்கு அந்த நேரம் கிடைக்காது. பின்னேர வகுப்பில் பலகை மங்கும். பிள்ளை லென்ஸைக் குறை சொல்லும், நீங்கள் எங்களைக் குறை சொல்வீர்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பலரிடம் நான் கண்ணாடியே போதும் என்று சொல்லி அனுப்புவது இந்தக் காரணத்தால்தான். தூக்கத்தைக் கூட்ட முடியுமென்றால் பேசலாம். அது கண்ணுக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் நல்லது.

பவர் வருஷா வருஷம் கூடுது. இதைப் போட்டா நிக்குமோ?

கண்ணாடி இல்லாமல் திரிவதைவிட இந்தச் சிகிச்சையில் எனக்கு மதிப்பு இதனால்தான். நிற்காது, ஆனால் வேகம் குறையும். ஹொங்கொங் பொலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஓர்தோ-கே லென்ஸும் மற்றவர்களுக்குச் சாதாரண கண்ணாடியும் கொடுத்து இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2012 இல் முடிவு வெளிவந்தது. கண்ணாடி போட்டவர்களின் கண் சராசரியாக 0.63 மில்லிமீற்றர் நீண்டிருந்தது, லென்ஸ் போட்டவர்களின் கண் 0.36 மில்லிமீற்றர். 43 வீதம் குறைவு.

மில்லிமீற்றரில் பத்தில் சில பங்குதானே என்று நினைக்க வேண்டாம். கண்ணின் நீளம் வளர்ந்தவர்களில் 24 மில்லிமீற்றர் அளவுதான். அதில் ஒரு மில்லிமீற்றர் கூடினால் பவர் இரண்டரை மூன்று வரை ஏறும். கண் நீள நீள விழித்திரை இழுபட்டு மெலிகிறது. மைனஸ் 6 ஐத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழலுதல், விழித்திரையின் மையம் பழுதாதல், கண் நரம்பு பழுதாகும் குளோக்கோமா என்பவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூட. ஏழு வயதில் மைனஸ் 2 ஆக இருக்கும் பிள்ளை பதினெட்டு வயதில் மைனஸ் 4 இல் நிற்பதும் 7 இல் நிற்பதும் ஒன்றல்ல.

ஏன் வேகம் குறைகிறது? சாதாரண கண்ணாடி நடுப்பார்வையைத் திருத்தினாலும், ஓரத்தில் விழும் ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவிகிறது. அது கண்ணை இன்னும் நீளத் தூண்டுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஓர்தோ-கே லென்ஸால் ஓரம் தடித்த விழிவெண்படலம் அந்த ஒளியை விழித்திரைக்கு முன்னால் குவிக்கிறது.

இரண்டு விஷயத்தை மறக்கவேண்டாம். ஒன்று, நீண்ட கண் சுருங்காது. பகலில் பலகையின் 6/6 வரியை, அதாவது முழுப் பார்வைக்குரிய வரியை, வாசித்தாலும் உங்கள் பிள்ளை கிட்டப்பார்வை உள்ள பிள்ளைதான். வருடம் ஒரு தடவை மருந்துவிட்டு விழித்திரையைப் பார்க்கவேண்டும். மற்றது, பதினான்கு வயதுக்கு முன் திடீரென நிறுத்தினால் கண் மறுபடி வேகமாக நீள்வது ஹொங்கொங்கில் அவதானிக்கப்பட்டிருக்கிறது. தொடங்கினால் சில வருடம் தொடர்ந்து போடவேண்டிய சிகிச்சை இது. காசுக் கணக்கையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

ஆருக்குப் போடக்கூடாது?

விழிவெண்படலம் கூம்பாகும் நோய் உள்ளவர்களுக்குக் கண்டிப்பாகக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் படலத்தின் மேற்பரப்பை வரைபடமாக எடுக்கும் கருவி தேவை. அந்தப் படம் எடுக்காமல் யாராவது லென்ஸ் தருவதாகச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

நம்முடைய பிள்ளைகளில் நான் அடிக்கடி காணும் தடை ஒவ்வாமை. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி பறக்க, எத்தனையோ பிள்ளைகள் இரண்டு கண்ணையும் கசக்கிக்கொண்டு வருகிறார்கள். இமையைப் புரட்டினால் உட்புறம் சிவந்து மணல் மணலாக இருக்கும். அந்தக் கண்ணில் லென்ஸ் போடக்கூடாது. முதலில் ஒவ்வாமைக்கு மருந்து, கசக்கும் பழக்கம் நிற்கவேண்டும், பிறகு பார்க்கலாம். கண்ணீர் குறைந்த வறண்ட கண், கட்டுப்படாத நீரிழிவு, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் என்று இன்னும் சிலர் உண்டு; வைத்தியரிடம் எல்லா மருந்தையும் சொல்லுங்கள்.

எத்தினை வயதில தொடங்கலாம்?

பொதுவாக ஏழு, எட்டு வயதிலிருந்து. வயதைவிடப் பிள்ளையின் குணம் முக்கியம். சொன்னதைக் கேட்டு அசையாமல் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்குப் போடலாம்; கை கழுவச் சொன்னால் கோபப்படும் பதினாலு வயதுப் பிள்ளைக்குப் போடக்கூடாது. பத்துப் பன்னிரண்டு வயது வரை போடுவதும் கழற்றுவதும் பெரியவர் ஒருவரின் வேலை.

எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. அதில கழுவினா என்ன?

கூடாது. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வடிகட்டிய தண்ணீர், கடையில் வாங்கும் போத்தல் தண்ணீர், கொதித்தாறிய தண்ணீர், கோயில் தீர்த்தம், எதுவும் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் வேறு, லென்ஸுக்கு நல்ல தண்ணீர் என்று ஒன்று இல்லை.

காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். மண்ணிலும் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிர் வாழ்கிறது. அதைக் குடித்தால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் லென்ஸில் ஒட்டி, இரவு முழுவதும் மூடிய இமைக்குள், மெலிந்த மேல்தோலுக்கு மேல் இருந்தால் படலத்துக்குள் இறங்கிவிடும். அது கூடுகட்டி ஒளிந்துகொள்ளும். அந்தக் கூடு கிணற்றுக்குப் போடும் குளோரினுக்குச் சாகாது. சிகிச்சை மாதக்கணக்கில் போகும், வலி மிகக் கடுமை, பலருக்குப் படலம் வெள்ளையாகித் தழும்பு விழுகிறது, சிலருக்குப் படலத்தையே மாற்றவேண்டி வருகிறது. இந்த லென்ஸ் போட்டுக் கடும் தொற்று வந்ததாக உலகில் முதலில் பதிவான 50 பேரை ஆராய்ந்து 2005 இல் எழுதினார்கள். பாதிப் பேருக்குச் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அகந்தமீபா. அவர்களில் பெரும்பாலானோர் கிழக்காசியாவைச் சேர்ந்தவர்கள், பலர் பிள்ளைகள். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவியது முக்கிய காரணங்களில் ஒன்று.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். அதை மோட்டர் போட்டுக் கூரைத் தாங்கிக்கு ஏற்றுகிறோம். தாங்கி வெயிலில் காய்கிறது, அடியில் வண்டல் படிகிறது. அகந்தமீபா வாழ அது வசதியான இடம். கொதிக்கவைத்தால் சாகும்தான், ஆனால் ஆறவைத்து ஊற்றும் பாத்திரமும் கையும் எங்கே கழுவப்பட்டன? ஆகவே எளிதாக ஒரே விதி: லென்ஸில் அதற்குரிய கரைசலைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது.

அப்ப கையை எதால கழுவிறது?

சோப்பும் தண்ணீரும்தான். ஆனால் கழுவிய கையைச் சுத்தமான, நார் உதிராத துணியால் விரலிடுக்கு வரை துடைத்துக் காயவிட்ட பிறகே லென்ஸைத் தொடவேண்டும். ஈரக்கை என்றால் கிணற்றுத் தண்ணீர்தான். சாறத்திலோ சேலைத் தலைப்பிலோ துடைப்பது கழுவாததற்குச் சமம்.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு உள்ள வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். நல்லெண்ணெய் நகத்தடியில் இரவு வரை இருக்கும். அது லென்ஸில் பட்டால் மங்கல் போகாது. பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைப்பதையும் லென்ஸ் போட்ட பிறகு செய்யுங்கள், அல்லது அன்றைக்கு வேறொருவர் செய்யட்டும்.

காலமை எழும்பினா என்ன ஒழுங்கில செய்யிறது?

நம்முடைய பழக்கம் எழும்பியதும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவது. இந்த வீட்டில் அது இரண்டாவது வேலை. முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது.

எழும்பியதும் லென்ஸ் பெரும்பாலும் கண்ணோடு ஒட்டியபடி இருக்கும். அவசரப்பட்டுப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உரியும். வைத்தியர் தந்த செயற்கைக் கண்ணீரில் இரண்டு சொட்டு விடுங்கள். பிள்ளை கட்டிலில் இருந்தபடியே மேலும் கீழும் பார்த்து, கண்ணை மெதுவாக மூடித் திறக்கட்டும். ஐந்து நிமிடமளவில், பக்கத்தில் நின்று பார்த்தால், கண் சிமிட்டும் ஒவ்வொரு தடவையும் லென்ஸின் விளிம்பு மயிரிழை அளவு மேலேறி இறங்குவது தெரியும். அப்போதுதான் கழற்றலாம். இன்னும் அசையவில்லையென்றால் கீழிமையின் விளிம்பால் லென்ஸுக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியை மெல்ல அமத்துங்கள். காற்றுப் போலக் கண்ணீர் உள்ளே நுழைந்து லென்ஸ் விடுபடும். கழற்றும் சிறிய ரப்பர் உறிஞ்சியை அசையாத லென்ஸில் வைக்கவே கூடாது.

பிறகு உள்ளங்கையில் வைத்து, கரைசல் விட்டுத் தேய்த்து, கரைசலாலேயே அலசி, புதிய கரைசல் ஊற்றிய டப்பாவில் போடவும். நேற்றைய கரைசலுக்கு மேல் கொஞ்சம் ஊற்றுவது சிக்கனமல்ல. இரவில் லென்ஸைக் கண்ணில் போட்ட பிறகு, வெறும் டப்பாவையும் கரைசலால் கழுவிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். நுரைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசல் தந்திருந்தால் அதற்குரிய டப்பாவில் சொன்ன நேரம் முழுவதும் ஊறவேண்டும். நேரே கண்ணில் பட்டால் எரிந்து புண்ணாகும்.

எல்லாம் முடிந்த பிறகு கிணற்றடி.

கிருமி வாற ஆபத்து எவ்வளவு? சும்மா பயப்படுத்திறியளோ?

அமெரிக்காவில் 2013 இல் வெளிவந்த கணிப்பின்படி, ஒரு வருடம் இந்த லென்ஸ் போடும் 10,000 பேரில் ஏறத்தாழ 8 பேருக்குப் படலத்தில் கிருமித்தொற்று வருகிறது. பிள்ளைகளை மட்டும் எடுத்தால் 14 பேருக்கு. பகலில் மட்டும் போடும் லென்ஸைவிட இது கூட, மென்லென்ஸ் போட்டுக்கொண்டு தூங்குவதோடு ஒப்பிடத்தக்கது. ஆகவே அரிது. ஆனால் கண்ணாடி போடும் பிள்ளைக்கு லென்ஸால் வரும் இந்த ஆபத்து இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பவர் ஏறுவதைக் குறைக்கும் நன்மைக்காக இந்தச் சிறிய ஆபத்தை ஏற்கிறோம். தெரிந்து ஏற்கவேண்டும் என்பதுதான் என் கவலை.

கண் சிவந்தா என்ன செய்யிறது?

சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பீளை, திடீர் மங்கல், இதில் ஒன்று வந்தாலும் அன்றிரவு லென்ஸ் இல்லை. அன்றே கண் வைத்தியரிடம் போங்கள். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், பிள்ளை இரவில் லென்ஸ் போடுகிறது என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்து வளர்த்துப் பார்க்கலாம்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, மஞ்சள் துணியால் ஒற்றுவது எதுவும் வேண்டாம். வீட்டில் யாருக்கோ முன்பு தந்த சொட்டுமருந்தும் வேண்டாம். அதில் அழற்சியை அடக்கும் ஸ்ரெரோயிட் மருந்து இருந்தால் சிவப்புக் குறையும், உள்ளே கிருமி பெருகும். நாள் பிந்தி வரும் கண்களில் பாதிக்கும் மேல் இப்படிச் சிவப்புக் குறைந்ததை நம்பி வீட்டில் இருந்தவை என்றே எனக்குப் படுகிறது.

லென்ஸ் சரியாய்ப் பொருந்தியிருக்கெண்டு எப்பிடித் தெரியும்?

அது எங்கள் வேலை, ஆனாலும் நீங்கள் பார்த்திருப்பது நல்லது. கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்போம். லென்ஸின் நடுவில் கருமையான வட்டம். அதைச் சுற்றிப் பளிச்சென்ற பச்சை வளையம், அங்கேதான் கண்ணீர் தேங்குகிறது. பிறகு மறுபடி கருமை. விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடு. இந்த நான்கும் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் அமைந்தால் மனம் நிம்மதி. வட்டம் மூக்குப் பக்கமோ மேலேயோ தள்ளியிருந்தால் பிள்ளைக்கு இரட்டை நிழல் தெரியும். லென்ஸை மாற்றி வடிவமைக்கவேண்டும். அடுத்த நாள் காலையில் எடுக்கும் வரைபடமும் இதையே காட்டும்.

சென்னைக்கோ கொழும்புக்கோ போய் ஒரேயடியாச் செய்துகொண்டு வரலாமோ?

லென்ஸ் வாங்கிக்கொண்டு வரலாம். சிகிச்சையை வாங்கிக்கொண்டு வர முடியாது. முதல் இரவுக்கு அடுத்த காலை, ஒரு கிழமையில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று காட்டவேண்டும். பலாலியிலிருந்து விமானம் ஏறுவது இப்போது எளிது, கொழும்புக்கு இரவு பஸ்ஸும் உண்டு. ஆனாலும் கண் சிவந்த அன்று 400 கிலோமீற்றர் போய்க் காட்ட முடியாது.

ஆகவே போகமுன் அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: படலத்தின் வரைபடம் எடுப்பீர்களா? கண்ணின் நீளத்தை அளந்து பதிவு வைப்பீர்களா? அவசரத்துக்கு எந்த நேரமும் பேசக்கூடிய இலக்கம் உண்டா? யாழ்ப்பாணத்தில் உள்ள கண் வைத்தியருக்குக் கடிதம் தருவீர்களா? அந்த வைத்தியரையும் தொடங்கமுன்னே சந்தித்து, பார்த்துக்கொள்வேன் என்ற சம்மதத்தை வாங்குங்கள். இந்தச் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

செலவு எப்பிடி?

ஒரு தடவைச் செலவு அல்ல. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்யப்படும் லென்ஸ், ஒன்று இரண்டு வருடத்தில் அதை மாற்றுவது, மாதாமாதம் கரைசல், செயற்கைக் கண்ணீர், போக்குவரத்து, உடைந்தால் மாற்று லென்ஸ், எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். கடின லென்ஸின் கரைசல் மென்லென்ஸின் கரைசலிலிருந்து வேறுபட்டது. எல்லாப் பார்மசியிலும் இராது. 2022 இல் இறக்குமதி மருந்துகளுக்கு நாம் பட்ட பாடு நினைவிருக்கும். மூன்று மாதத்துக்குரிய கரைசல் திகதி பார்த்துக் கையிருப்பில் வையுங்கள். அது முடிந்தால் கண்ணாடிக்குத் திரும்புங்கள், தண்ணீருக்கு அல்ல.

இதைவிட வேற வழி இல்லையோ?

உண்டு, நல்ல வழிகள். குறைந்த செறிவுள்ள அற்றோபின் என்ற சொட்டுமருந்தை இரவில் ஒரு சொட்டு விடுவது ஒரு வழி; அதுவும் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஹொங்கொங்கில் 0.01, 0.025, 0.05 வீதச் செறிவுகளை ஒப்பிட்டு 2019 இல் வெளியிட்ட ஆய்வில் 0.05 வீதம் கூடுதலாக வேலை செய்தது. ஓரத்தில் நுண்வில்லைகள் பதித்த விசேட கண்ணாடிகளும் வந்திருக்கின்றன. கண்ணுக்குள் எதுவும் போடாததால் கிருமிப் பயமே இல்லை. தண்ணீரைப் பற்றி மேலே எழுதியதை வாசித்துத் தயங்கும் பெற்றோருக்கு நான் முதலில் இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

இவற்றோடு வெளிச்சம். தாய்வான் 2010 இலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்கவைக்கும் திட்டத்தைச் செய்துவருகிறது. பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை தொடங்குவதே பிந்துகிறது. நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒன்றரைக்குப் பள்ளி விட்டு, இரண்டரைக்கு ரியூசன் கொட்டிலுக்குள் போய், இருட்டிய பிறகு வெளியே வரும் பிள்ளைக்குத்தான் பஞ்சம். பவர் இன்னும் வராத தம்பி தங்கைக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து.

பொன்னாங்காணி, முருங்கையிலை குடுத்தா பவர் குறையாதோ?

குறையாது. விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அவை நல்லவை. நீண்ட கண்ணை எந்தக் கீரையும் சுருக்காது. கண்ணாடியைக் குறைந்த பவரில் போட்டால் ஏறாது என்பதும் பிழை. மலேசியாவில் 2002 இல் வெளிவந்த ஆய்வில் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கே பவர் கூடுதலாக ஏறியது.

பெரியாக்களும் போடலாமோ? இரவில மோட்டச்சைக்கிள் ஓடுறது?

போடலாம். ஆனால் இருட்டில் கண்மணி விரியும்போது திருத்தப்படாத ஓரத்தால் ஒளி நுழைந்து, எதிரே வரும் வாகனத்தின் விளக்கு வளையம் வளையமாகத் தெரியலாம். முதல் சில கிழமைகளுக்கு இரவில் ஓட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாசிக்க வேறு கண்ணாடி தேவைப்படும். பிறகு லேசர் செய்ய நினைப்பவர்கள் லென்ஸை நிறுத்தி, படலம் பழைய வடிவத்துக்கு வந்து அசையாமல் நிற்பதை வரைபடத்தால் உறுதிசெய்த பிறகே செய்யலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலயிருந்து பிள்ளையள் வருகினம். அவை இந்த லென்ஸ் போடுறவை. என்ன கவனிக்கோணும்?

வருகிற பிள்ளையிடம் லென்ஸும் கரைசலும் இருக்கும்; உங்கள் வீட்டின் தண்ணீர்ப் பழக்கம் தெரியாது. அங்கே குளியலறையில் தனியாகச் செய்தது, இங்கே கிணற்றடியில் வாளிக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும். அறைக்குள் ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுங்கள். தண்ணீர்ச் செம்பு அந்த மேசைக்கு வரக்கூடாது. வீதியின் மணற்புழுதியில் பின்னேரம் முழுவதும் நின்றுவிட்டுக் கண் உறுத்துகிறது என்றால் அன்றிரவு லென்ஸை விடட்டும். கரைசல் போத்தல் விமானத்தில் தொலைந்தால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். பழைய கண்ணாடியையும் கொண்டுவரச் சொல்லி இப்போதே அவர்களுக்கு எழுதுங்கள்.

அக்கா பாவிச்ச லென்ஸைத் தம்பிக்குப் போடலாமோ?

முடியாது. பவர் ஒன்றாக இருந்தாலும் படலத்தின் வளைவு ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு. ஒரே பிள்ளையின் வலது லென்ஸை இடதில் போடவும் கூடாது. மாறிப் போகாமலிருக்க இரண்டு லென்ஸும் வெவ்வேறு நிறத்தில் வரும். எது எந்தக் கண்ணுக்கு என்பதை டப்பாவிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.